எருமை, தினம் ஒரு வேளை

பிசியோதெரபி செய்யும் உங்களில் யாராவது இந்த வாரம் ஒரு குழந்தையின் கேஸ் ஷீட்டில் ‘என் சிகிச்சையால் நல்ல முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் யோசிக்காமல் போட்டவள். அதை அடித்துத் திருத்த எனக்கு ஓர் எருமை தேவைப்பட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் பிசியோதெரபி படித்து முடித்த கையோடு, உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு லேடி டாக்டர், ஒரு கம்பவுண்டர், புதிதாக நான். எனக்குக் கொடுத்த அறையில் அதற்கு முன்னால் விறகு போட்டு வைத்திருந்தார்கள். என் வேலை என்ன என்பது ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. ஊசி போடமாட்டேன், மாத்திரை தரமாட்டேன், கையைத் தூக்கு, காலை நீட்டு என்பேன். “இன்னாம்மா இது, ஒடம்பு நோவுதுன்னு வந்தா டிரில்லு வாங்கற?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. ‘டிரில்லம்மா’ என்ற பெயர் ஒரே மாதத்தில் நிலைத்துவிட்டது.

பூங்காவனத்தை அவள் அம்மா கன்னியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறு வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தை. கால் இரண்டும் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டிருந்தன. இப்போது மூளை முடக்குவாதம் என்கிறோம்; அன்றைக்கு ‘ஸ்பாஸ்டிக்’ என்று எழுதுவோம். ஊரில் ‘வெளங்காத கால்’ என்பார்கள். உட்கார வைத்தால் மரக்கட்டை மாதிரி பின்னால் சாய்வாள். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து வரும். கண் மட்டும் அறையில் ஒரு பல்லி நகர்ந்தால்கூட விடாது.

நான் புத்தகத்தில் படித்தபடி அவள் தொடைகளை விரிக்கப் பார்த்தேன். விரிக்க விரிக்க இறுகின. நான் இன்னும் இழுத்தேன். அவள் அலறினாள். அலறினால் உடம்பு இன்னும் இறுகும் என்பதும் அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி எழுதியிருந்ததுதான். இரண்டு வாரத்தில் நான் சாதித்தது ஒன்றே ஒன்று: வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் கால்கள் பூட்டிக்கொண்டன.

அந்தச் சமயத்தில் எலும்பு டாக்டர் வந்தார். சென்னையில் பெரிய பெயர் அவருக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து எங்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவார். பூங்காவனத்தைப் பார்த்தார், கணக்காக ஐந்து நிமிடம். “அடுத்த தடவை நான் வரும்போது தொடை இளகி, குழந்தை தானாக உட்கார்ந்தால் சரி. இல்லையென்றால் தசைநாரை வெட்டிவிட்டு, மூன்று மாதம் மாவுக்கட்டு. சென்னையில்தான்” என்றார்.

அந்த ஆபரேஷன் தப்பான வைத்தியம் இல்லை. அதனால் நல்லபடியாக ஆன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கன்னியம்மா என்னிடம் கேட்டாள்: “மூணு மாசம் நான் பட்ணத்துல குந்திக்கினு இருந்தா, வூட்ல மீதி ரெண்டு கொயந்தைங்களுக்கு யாரும்மா கஞ்சி காச்சறது?” அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் கூலிக்காரர்கள். சேரியில் வீடு. ஏழுமலை ஒரு நிலக்காரர் வீட்டில் எருமை மேய்ப்பது, கறப்பது, கழுவுவது என்று விடிந்ததிலிருந்து பொழுதுபோகும் வரை அங்கேயே இருப்பான்.

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. பூங்காவனத்தின் முழங்கால்களுக்கு நடுவே என் கை நுழைந்தது. என்னிடம் கோணம் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. இரண்டு தகட்டுச் சட்டத்தைத் திருகாணியில் சேர்த்தது. வைத்துப் பார்த்தேன். பத்து டிகிரி கூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் ஷீட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். என் பயிற்சி, என் முறை, என் விடாமுயற்சி. கீழே கையெழுத்து, அதன் கீழே ஒரு கோடு.

எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் வாசனை வந்தது. வேப்பெண்ணெய், நொச்சி, கொஞ்சம் கற்பூரம். குழந்தையின் கால் பளபளவென்று இருந்தது.

“கன்னியம்மா, இது என்ன?”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வஸ்தாதுகிட்ட காட்டினேம்மா. காலைல அவுரு, அப்பறமா நீ. ரெண்டு பேருகிட்டயும் காட்டினா சீக்கிரம் ஆவும்னு.”

வஸ்தாது என்பவர் பக்கத்துத் தெருவில் சிலம்பம் கற்றுக்கொடுப்பவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார், சுளுக்கு எடுப்பார். மேஜை அகலத்துக்கு மார்பு, அதற்கு ஏற்ற மீசை. அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்று பகலே என் கருவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

“நீங்க தேய்க்கறதை நிறுத்தணும். என் பயிற்சியில குழந்தைக்குக் குணமாகிட்டு வருது.”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “உன் பயிற்சியிலயா? இங்க வா, காட்றேன்.” சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. குழந்தையைச் சுவரோரம் உட்கார வைத்து முழங்கால் எட்டும் இடத்தில் நாளுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். “இது முந்தா நாளு. இது நேத்து. நாலு வெரக்கடை ஏறிகீது. இது உன் டிரில்லாலயா, என் எண்ணெயாலயா?”

“சுவத்துல கரி கிழிச்சா அளவா?”

“உன் தகட்ட விட தேவல. தோ பாரும்மா, நீ பட்ணத்துல புக்கு படிச்சிட்டு வந்துகீற. நான் இருவது வருசமா எலும்புகூட பேசிக்கினு கீறேன்.”

“எலும்பு பதில் சொல்லுதா?”

“சொல்லுது. உனக்குத்தான் கேக்கல.” பிறகு முழங்கையைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்னப் பல் தடம். “கடிச்சிட்டா. நரம்புல உசுரு வந்துகீதுன்னு இதுலயே தெரியல?”

என்னையும் அவள் கடித்திருந்தாள். அதை நான் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சண்டை அரைமணி நேரம் நடந்தது. தெரு கூடிவிட்டது. கடைசியில் ஒரு பஞ்சாயத்துக்கு வந்தோம். ஒரு வாரம் அவர் தொடக்கூடாது. குழந்தையின் கால் திரும்ப இறுகினால் அவர் வைத்தியம் ஜெயித்தது. அடுத்த வாரம் நான் தொடக்கூடாது. இறுகினால் என்னுடையது ஜெயித்தது.

அவர் நிறுத்திய வாரத்தில் பூங்காவனம் இன்னும் ஐந்து டிகிரி இளகினாள். நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். கம்பவுண்டரிடம்கூடச் சொன்னேன். அடுத்த வாரம் நான் கையைக் கட்டிக்கொண்டேன். மேலும் ஐந்து டிகிரி இளகினாள்.

நானும் வஸ்தாதுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் கன்னியம்மாவைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்தாள். “சாமி புண்ணியம்” என்றாள். அவள் எதையோ மறைக்கிறாள் என்பது ரெண்டு பேருக்கும் தெரிந்தது. “மூணாவது ஆளு யாரோ தேய்க்கறான்” என்று வஸ்தாது பல்லைக் கடித்தார். எங்களுக்கு நடுவில் பாயில் கிடந்த பூங்காவனத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

கேட்பதற்குப் பதிலாக வேவு பார்த்தோம். கன்னியம்மா களையெடுக்கப் போகும் நேரத்தில் குழந்தை எங்கே போகிறது என்று விசாரித்து, ஒரு காலை வேளையில் ஏரிக்கரையில் ஒரு முட்செடிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். செடி என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. வஸ்தாதுவை மறைக்க அதுபோல மூன்று செடி வேண்டும். அவருடைய முண்டாசைப் பூ என்று நினைத்து ஒரு வெள்ளாடு வந்து மோந்து பார்த்தது. அவர் அதைச் சத்தமில்லாமல் திட்டினார்.

அப்போது எருமைகள் வந்தன. ஐந்து. நடுவில் வந்த பெரிய எருமையின் முதுகில் பூங்காவனம்.

பக்கத்தில் ஏழுமலை அவள் இடுப்பில் ஒரு கை வைத்தபடி நடந்துவந்தான். அந்த எருமையின் முதுகு ஒரு கட்டில் அகலம். அதன் இரண்டு பக்கமும் அவள் கால்கள் தளர்ந்து தொங்கின, ஈரத்துணி காயப்போட்டது மாதிரி. எருமை ஆடி ஆடி நடக்க, இடுப்பும் கூடவே ஆடிற்று. முதுகு நேராக இருந்தது. கையில் கயிற்றின் நுனி. முன்னால் போன எருமையைப் பார்த்து, “ஏ... ஏய்... போ... போ” என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். என் அறையில் அழுது மட்டுமே நான் பார்த்த குழந்தை, சிரித்துச் சிரித்து எச்சில் வழிய வந்துகொண்டிருந்தது.

என் கருவி மடியில் இருந்தது. எடுக்கவில்லை. அவ்வளவு கோணம் அதில் அளந்ததே இல்லை.

“யம்மா டிரில்லு” என்றார் வஸ்தாது மெதுவாக. “நம்ம ரெண்டு பேரையும் ஒரு எரும கவுத்துடிச்சி.”

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் முள் வேட்டியைப் பிடித்துக்கொள்ள, செடியோடு கரையில் உருண்டார். எருமைகள் மிரண்டன. ஏழுமலை குழந்தையை இறக்கி அணைத்துக்கொண்டான். எங்களை அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது.

“யம்மா, தப்பா ஒன்னும் செய்யல. இவ அம்மா களையெடுக்கப் பூட்டா. வூட்ல பாக்க ஆளில்ல. தனியா வுட்டா ஈ மொய்க்கிது. அதான் கூட இட்டாந்தேன். நடக்க முடியாத கொயந்த, எம்மா தூரம் தூக்கறது? எரும மேல குந்த வெச்சேன். அது சாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆண்டைக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வேல பூடும். பால் எரும. யாருகிட்டயும் சொல்லிடாதம்மா.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றேன்.

அந்தச் சத்தியம் சரியாக மூன்று மணி நேரம் தாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் லேடி டாக்டரைப் பார்த்தேன், வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் அடங்கவில்லை. “டாக்டர்! எருமை, டாக்டர்! எருமை முதுகுச் சூடும் ஆட்டமும்தான்!” என்று ஆரம்பித்து, யார் எருமை, யார் மேய்ப்பது, எந்த ஏரி என்பது வரை வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அந்த நிலக்காரர் வீட்டு வண்டிக்காரர், பல்வலி. பல்வலியோடு இதையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே நிலக்காரர் ஏழுமலையைக் கூப்பிட்டு, “சேரிப் புள்ள ஏறிக் குந்திக்கினு ஊர்கோலம் போவ என் எரும இன்னா சாமி வாகனமா? பாலு வத்திப் போச்சின்னா யாருடா கேக்கறது?” என்று கத்தியிருக்கிறார். வேலைக்குத் தனியாக வரலாம், இல்லாவிட்டால் வரவே வேண்டாம். பால் கறப்பவன் ஏழுமலை. தண்ணீர் காட்டுபவன் ஏழுமலை. ஏரியில் இறங்கித் தேய்த்துக் குளிப்பாட்டுபவன் ஏழுமலை. அவன் மகள் உட்கார்ந்தால் மட்டும் பால் வற்றிவிடுமாம்.

பத்து நாளில் பூங்காவனத்தின் கால்கள் பழையபடி பின்னிக்கொள்ள ஆரம்பித்தன. கன்னியம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவள் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “சத்தியம் பண்ணியேம்மா.”

இந்த வேலையில் நான் செய்த தப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னால், அவள் காலை இழுத்ததை இரண்டாவதாகத்தான் வைப்பேன். நோயாளியின் வீட்டு ரகசியம் என்பது சில சமயம் அவர்கள் வீட்டு அடுப்பு. என் சந்தோஷத்துக்காக அதில் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

எலும்பு டாக்டர் வருவதற்கு மூன்றரை வாரம் இருந்தது. நேராக வஸ்தாதுவிடம் போய் உண்மையைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஏச்சு முழுவதையும் ஏசி முடித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார். “அந்த எருமைக்கார நைனாவுக்கு முட்டியில வாயு. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம நான்தான் போய் உருவி வுடறேன். ஆனா நான் வாயால கேட்டா, போடாம்பாரு. அவுருக்குக் காயிதம் வோணும். சீலு குத்துன காயிதம்னா கையெடுத்துக் கும்புடுவாரு.”

என்னிடம் இருந்த ஒரே காகிதம் மருந்துச் சீட்டு. எழுதினேன்:

‘பெயர்: பூங்காவனம். வயது: 6.
மருந்து: எருமை.
அளவு: தினம் ஒரு வேளை, அரை மணி நேரம்.
குறிப்பு: தகப்பனார் கூடவே நடக்க வேண்டும்.’

முத்திரை கம்பவுண்டரிடம் இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று முறை படித்தார். முப்பது வருஷ சர்வீஸ். சீட்டில் ஒரு விவரம் குறைந்தாலும் முத்திரை விழாது. சிரிக்காமல் கேட்டார்: “இது உள்ளுக்கா, வெளிப்பூச்சா? எழுதலையே.”

லேடி டாக்டரிடம் ஓடினேன். அவர் அதைவிடச் சிரிக்காமல் படித்து, தன் கையால் ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் முத்திரை குத்தினார். பதிவேட்டில் ஏற்றிவிட்டு, “ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கவும்” என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வஸ்தாதுகூட நிலக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து, வலது காலை வஸ்தாதுவின் மடியில் நீட்டியிருந்தார். வஸ்தாது எண்ணெய் தடவி உருவ ஆரம்பித்த பிறகு நான் சீட்டை நீட்டினேன். அவர் முத்திரையைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். படித்தார். முகம் சிவந்தது.

“இன்னாது இது? ஆஸ்பத்திரில எருமைக்குச் சீட்டு குடுக்கறாங்களா?”

“எல்லா எருமையும் ஆவாது நைனா” என்றார் வஸ்தாது, முட்டியைத் தடவிக்கொண்டே. “ஊர்ல கீற எருமைங்க எல்லாத்தயும் பாத்தாச்சி. அந்த அகலத்துக்கு முதுகு உங்குளுதுக்குத்தான் கீது.”

அவர் கொஞ்சம் இளகினார். உடனே இறுகினார். “பாலு கொறையாதுன்னு எழுதிக் குடுப்பியாம்மா? இந்தச் சீலு போட்டு எழுதிக் குடு.”

இதுதான் இடம். ‘எழுதித் தருகிறேன்’ என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. வஸ்தாது கண்ணால் ஜாடைகூடக் காட்டினார். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக ஏற்கெனவே ஒரு முறை கையெழுத்துப் போட்டிருந்தேன். அது இன்னும் கேஸ் ஷீட்டில் இருந்தது.

“தெரியாதுங்க” என்றேன். “எனக்கு எருமையைப் பத்தி ஒன்னும் தெரியாது. குழந்தை கால் இளகுதுங்கறது மட்டும் தெரியும். பால் குறைஞ்சா நிறுத்திடலாம்.”

வஸ்தாது தலையில் அடித்துக்கொள்ளக் கை ஒழியாததால் முட்டியை அழுத்தினார். நிலக்காரர் “அப்பா!” என்றார். அந்த ‘அப்பா’வுக்குப் பதில் போல உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி, கையில் பால் அளக்கும் படியோடு கதவோரம் நின்றிருந்தார்.

“நான் சொல்றேன். பாலு அளக்கறது நானு. அந்தப் பொண்ணு ஒரு மாசத்துக்கு மேல குந்திக்கினு போயிகீது, ஒரு பொட்டு கொறைல. இந்தப் பத்து நாளாத்தான் கொறையுது. ஏயுமல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கறக்கறான், எருமையும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிது. அந்தக் கொயந்தய ஏத்தி வுட்டாத்தான் எனக்கு மோருக்கு ஆவும். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

நிலக்காரர் சீட்டை மறுபடி எடுத்தார். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். “வெளி உபயோகத்துக்கு மட்டும்னு போட்டுகீது. சரி. தொழுவத்துக்குள்ள வரக்கூடாது. ஏரிக்கரையோட சரி.”

அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு உறைக்காமல் இல்லை. அன்றைக்கு எனக்கு வேண்டியது எருமை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. காலையில் எருமை. அது முடிந்ததும், உடம்பு இளகியிருக்கும்போதே ஏழுமலை குழந்தையை என் விறகறைக்குக் கொண்டுவருவான். வஸ்தாது நொச்சி ஒத்தடம் கொடுத்து மெல்லத் தேய்ப்பார். இழுக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். பிறகு நான் அவளைப் பாயில் உட்கார வைத்துப் பழக்குவேன். அலற வைக்கக்கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட ஒப்பந்தம். எருமை தரும் இளக்கம் ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குள் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். கம்பவுண்டருக்கு வஸ்தாதுவைப் பதிவேட்டில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. யோசித்து, ‘தளவாடங்கள்’ பத்தியில் எழுதினார்.

எல்லாக் கைவைத்தியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையின் முதுகில் சூடு போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுக்கு நானும் வஸ்தாதுவும் சேர்ந்தே போய்ச் சண்டை போட்டோம். அப்போது வஸ்தாதுவின் மீசை மிகவும் உபயோகமாக இருந்தது.

எலும்பு டாக்டர் சொன்ன நாளில் வந்தார். உயர மேஜை, வெள்ளைக் கோட்டு, தெரியாத கை. பூங்காவனம் பயத்தில் வில்லாக வளைந்து, கால்களைப் பூட்டிக்கொண்டாள். டாக்டர் அளந்தார். “போன தடவையைவிட மோசம்” என்று பேனாவைத் திறந்தார். கன்னியம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

“சார், பத்து நிமிஷம் வெளியே வாங்க” என்றேன். லேடி டாக்டர், “வாருங்கள் டாக்டர், காற்றாடப் போகலாம்” என்று எழுந்துவிட்டார். அதனால் அவரும் எழ வேண்டியதாயிற்று.

வெளியே புங்கமரத்தடியில் ஏழுமலை எருமையோடு நின்றான். நிலக்காரரும் நின்றார், இஸ்திரி போட்ட சட்டையில். சென்னை டாக்டர் தன் எருமையைப் பார்க்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதன் கொம்புக்கு எண்ணெய் தடவிக் கூட்டிவந்திருந்தார். ‘ஏரிக்கரையோட சரி’ என்ற நிபந்தனை அன்று அவருக்கே ஞாபகம் இல்லை.

பூங்காவனத்தை ஏற்றினோம். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கால்கள் தொங்க ஆரம்பித்தன. டாக்டர் பேனாவை மூடினார். ஐந்தாவது சுற்றில் அவளே நிறுத்தச் சொன்னாள். இறக்கிப் பாயில் உட்கார வைத்தேன். வஸ்தாது முதுகுக்குப் பின்னால் கையை ஏந்திக்கொண்டார், தொடாமல். நான் என் கைகளை எடுத்தேன்.

உட்கார்ந்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, கொடியில் காயப்போட்டிருந்த பேண்டேஜ் துணியை எருமை பிடித்துவிட்டது. நீளமான துணி, ஒரு முனை எருமை வாயில், மறு முனை கம்பவுண்டர் கையில். “கணக்கு! கணக்கு காட்டணும்!” என்று அவர் கத்திக்கொண்டே இழுக்க, எருமை மென்றுகொண்டே டாக்டரின் காரைச் சுற்றி நடந்தது. நிலக்காரர், “அதட்டாதய்யா, பாலு வத்திடும்!” என்று பின்னால் ஓடினார். காரை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுப் போட்டாகிவிட்டது. முன் சக்கரத்தருகே எருமை நிதானமாகச் சாணியும் போட்டது.

பூங்காவனம் சிரித்தாள். சிரிப்பில் உடம்பெல்லாம் குலுங்கியது. விழுந்துவிடுவாள் என்று என் கை தானாக நீண்டது. வஸ்தாது தலையசைத்துத் தடுத்தார். அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள், ஒரு உள்ளங்கையைப் பாயில் ஊன்றினாள், நிமிர்ந்தாள். மறுபடி சிரித்தாள். யாரும் பிடிக்கவில்லை.

டாக்டர் காரைப் பார்க்கவே இல்லை. “நாலு நிமிஷம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கேஸ் ஷீட்டின் அந்த இரண்டு பக்கம் அவர் கையில் திறந்திருந்தது. “இதில் உன் வேலை எது?”

முகம் கொதித்தது. “உட்காரப் பழக்கினது சார். இளக வைக்கறது நான் இல்ல. எருமையும், அவ அப்பாவும். அந்த ரெண்டு பக்கம் தப்பு.”

“அப்படியானால் அடித்துவிட்டு இதை எழுது.” ஆபரேஷன் என்று பாதி எழுதியிருந்ததைத் தானே அடித்து, ‘தற்போது வேண்டாம், தொடரவும்’ என்று எழுதினார். எதைத் தொடர வேண்டும் என்று அவர் எழுதவில்லை. கௌரவம் இருக்கிறது அல்லவா.

பூங்காவனம் ஓடினாள், ஆடினாள் என்று முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் துணையில்லாமல் நடக்கவில்லை. பத்து வயதில் குதிகாலில் ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்பட்டது. நானே சென்னைக்கு அழைத்துப்போனேன், அதே டாக்டரிடம். ஆனால் எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். மற்ற பிள்ளைகளோடு தரையில், முதல் வரிசையில், தானாக உட்கார்ந்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எனக்கு மாற்றல் வந்து சொல்லிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன். “பூங்காவனம், சின்ன வயசுல எங்ககிட்ட எவ்வளவோ பட்டிருக்கே. எண்ணெய், ஒத்தடம், டிரில், ஊசி, ஆபரேஷன். இதுல உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது?”

ஆபரேஷன் என்பாள் என்று நினைத்தேன். வஸ்தாது என்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வருவதற்கே நேரமாயிற்று. அவள் தம்பி எடுத்துக்கொடுக்கப் பார்த்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“நீ... வலிக்குதான்னு கேப்ப. நான்... ஆமான்னு... சொல்லி முடிக்கறதுக்குள்ள... என் கால இஸ்து முடிச்சிருப்ப.”

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. அன்று நான் காத்திருந்தேன்.